கூரை மேல் ஒரு வயலின்: 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' முதல் குழு

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. திரும்பத் திரும்பச் சொன்ன இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

போன சில வாரமா சினிமாவாவே பேசிட்டு இருந்தோம். இன்னைக்கு மேடை. அதுவும் பிராட்வே மேடை. 1964 செப்டம்பர் 22ஆம் தேதி நியூயார்க்கில் இம்பீரியல் தியேட்டர்ல ஒரு மியூசிகல் தொடங்கினது. பேரு 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்'. 1972 ஜூலை வரைக்கும் ஓடினது. மொத்தம் 3242 காட்சிகள். அதுக்கு முன்னாடி பிராட்வேயில எந்த மியூசிகலும் 3000 காட்சியைத் தாண்டினது கிடையாது.

உங்கள்ல பல பேர் படத்தைப் பார்த்திருப்பீங்க. 1971ல நார்மன் ஜூவிசன் எடுத்தது, டோபோல் நடிச்சது. நல்ல படம். அதுல எனக்கு சண்டை எதுவும் இல்லை. ஆனா நான் இந்தக் கதைக்குள்ள போனது படம் வழியா இல்லை, ஒரு காசெட் வழியா. முதல் குழு பாடின ஒலித்தட்டு, ஆர்.சி.ஏ. விக்டர் வெளியிட்டது, அதோட காசெட் பிரதி. அட்டையில இருக்கற பேர்கள்ல ஒருத்தரைக்கூட எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் குரல்! தொண்டைக்குள்ள ஒரு கரடி உட்கார்ந்துகிட்டு, அப்பப்போ பூனை மாதிரி கத்தறது. பாட்டு பாடறாரா, கடவுள்கிட்ட சண்டை போடறாரா, தனக்குத்தானே சிரிச்சுக்கறாரான்னு புரியாது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஜீரோ மோஸ்டல். அப்புறம் வருஷக்கணக்கா அவரைப் பத்தி, அவர்கூட மேடை ஏறினவங்களைப் பத்தி, கிடைச்சதை எல்லாம் படிச்சேன். அதைத்தான் இன்னைக்குப் பகிர்ந்துக்கறேன்.

கதை தெரியாதவங்களுக்காக வேகமா சொல்லிடறேன். ரஷ்யப் பேரரசுல, 1905ஆம் வருஷ வாக்கில், அனாடெவ்கான்னு ஒரு கற்பனைக் கிராமம். அங்க தெவ்யேன்னு ஒரு யூதப் பால்காரர். ஏழை. மனைவி கோல்டே. ஐந்து பொண்ணுங்க. கல்யாணத்தைத் தரகர் பேசணும், அப்பா முடிவு செய்யணும், இதுதான் ஊர் வழக்கம். மூத்தவள் ட்சைட்டல், வசதியான கசாப்புக்கடைக்காரரை வேண்டாம்னுட்டு ஒரு ஏழைத் தையல்காரனைக் கேட்கறா. அப்பா வளைஞ்சு கொடுக்கறார். இரண்டாவது பொண்ணு ஹோடல், புரட்சி பேசற ஒரு மாணவனைக் கட்டிக்கப் போறேன்னு சொல்றா. அனுமதி கேட்கலை, ஆசீர்வாதம் மட்டும் கேட்கறா. அதுக்கும் வளையறார். மூணாவது பொண்ணு ஹாவா, யூதன் இல்லாத ஒரு ரஷ்யப் பையனோட போயிடறா. அங்க அவரால வளைய முடியலை. அவளை இறந்தவளா வெச்சுடறார். கடைசியில அரசாங்க ஆணை வருது, யூதர்கள் எல்லாரும் ஊரைக் காலி பண்ணணும்னு. அவ்வளவுதான்.

மூலம் ஷோலம் அலைக்கெம் யித்திஷ் மொழியில எழுதின தெவ்யே கதைகள். 1894ல எழுத ஆரம்பிச்சு, இருபது வருஷம் போல விட்டு விட்டு எழுதினார். மூலக்கதை இன்னும் கறுப்பு. ஒரு பொண்ணு தண்ணில விழுந்து சாகறா, கோல்டேவும் செத்துப்போறா. மேடைக்கு வசனம் எழுதின ஜோசப் ஸ்டைன், இசையமைச்ச ஜெர்ரி பாக், பாட்டு எழுதின ஷெல்டன் ஹார்னிக், மூணு பேரும் அதுல மூணு பொண்ணுங்க கதையை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. இர்விங் ஹவ் மாதிரியான விமர்சகர்கள் இதுக்காக அவங்களைத் திட்டியும் இருக்காங்க, மூலத்தோட கசப்பை எடுத்துட்டு சர்க்கரை போட்டுட்டாங்கன்னு. அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா அந்த ஹாவா காட்சியை மேடையில கேட்ட யாரும் சர்க்கரைன்னு சொல்ல மாட்டாங்க. அதுக்கு அப்புறம் வர்றேன்.

இயக்கமும் நடன அமைப்பும் ஜெரோம் ராபின்ஸ். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' செய்தவர். தயாரிப்பாளர் ஹெரால்ட் பிரின்ஸ். இப்போ இந்த நாடகத்தோட உண்மையான நெருப்பு எங்க இருக்குன்னா, ராபின்ஸும் மோஸ்டலும் ஒரே ஒத்திகை அறையில நின்னாங்களே, அதுலதான்.

1950கள்ல அமெரிக்காவுல கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தது. பிரதிநிதிகள் சபையோட விசாரணைக் குழு ஒண்ணு சினிமாக்காரங்களையும் நாடகக்காரங்களையும் கூப்பிட்டு உட்கார வெச்சு, நீ கட்சியில இருந்தியா, உன்கூட யார் யார் இருந்தாங்கன்னு கேட்டது. இரண்டாவது கேள்விதான் விஷம். பேர் சொன்னா நீ தப்பிக்கலாம், சொன்ன பேருக்குச் சொந்தக்காரங்க தப்பிக்க முடியாது. 1953 மே மாசம் ராபின்ஸ் அந்தக் குழு முன்னாடி போனார். எட்டுப் பேரைச் சொன்னார். அவர் தன்பால் ஈர்ப்பாளர், அதை வெளியே சொல்லிடுவாங்கன்னு பயந்துதான் சொன்னார்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க பலர் சொல்றாங்க. இருக்கலாம். அந்தக் காலத்துல அது வாழ்க்கையையே முடிச்சுடற விஷயம்.

1955ல மோஸ்டலைக் கூப்பிட்டாங்க. என்னைப் பத்திக் கேளுங்க, மத்தவங்களைப் பத்திப் பேச மாட்டேன்னு நின்னுட்டார். விசாரணைக்கு முன்னாடியே அவர் கறுப்புப் பட்டியல்ல இருந்தார். வருஷக்கணக்கா சினிமா இல்லை, தொலைக்காட்சி இல்லை. அவர் அடிப்படையில ஓவியர். படம் வரைஞ்சு காலத்தை ஓட்டினார். திரும்ப எழுந்து வர்ற நேரத்துல, 1960 ஜனவரியில ஒரு பஸ் மோதி கால் நசுங்கினது. காலை எடுத்துடலாம்னு டாக்டர்கள் சொன்னாங்க. ஒத்துக்கலை. பல மாசம் ஆஸ்பத்திரி. அந்தக் கால் சாகற வரைக்கும் வலிச்சுது. அந்தக் காலை வெச்சுக்கிட்டுத்தான் தெவ்யேயா ஆடினார், இதை நீங்க மனசுல வெச்சுக்கணும்.

தெவ்யேக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1962ல, மோஸ்டல் நடிச்ச இன்னொரு மியூசிகல், ரோமாபுரிக் காமெடி, வெள்ளோட்டத்துல தடுமாறிட்டு இருந்தது. அதுக்கும் பிரின்ஸ்தான் தயாரிப்பாளர். சரி செய்ய ராபின்ஸ் வேணும். ஆனா மோஸ்டல் ஒத்துக்கணுமே! அதே குழுவுல ஜாக் கில்ஃபோர்ட் இருந்தார். ராபின்ஸ் சொன்ன எட்டுப் பேர்ல அவர் மனைவியும் ஒருத்தர். மோஸ்டல் என்ன சொன்னாராம்னா, நாங்க யாரையும் பட்டியல் போட்டு ஒதுக்கறவங்க இல்லை, வேலைக்கு வரட்டும், ஆனா அவர்கூட உட்கார்ந்து சாப்பிடணும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க. ராபின்ஸ் முதல் நாள் உள்ளே வந்தப்போ எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. மோஸ்டல் உரக்க, 'ஓட்டைவாய்'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேர் வெச்சு வரவேற்றாராம். அறையே சிரிச்சது. ராபின்ஸும் சிரிச்சார். அப்புறம் வேலை நடந்தது. ராபின்ஸ் தொடக்கப் பாட்டை மாத்தச் சொன்னார், ஸ்டீஃபன் சாண்ட்ஹைம் புதுசா எழுதினார், நாடகம் பிழைச்சது.

எனக்கு இது மன்னிப்பு மாதிரி தெரியலை. மன்னிப்புன்னா அது சாப்பாட்டு மேஜை வரைக்கும் போகணும். இது வேற. உன்னை நான் மனுஷனா ஏத்துக்கலை, ஆனா உன் வேலையை நான் தடுக்க மாட்டேன், ஏன்னா என் வேலையைத் தடுத்தவங்க செஞ்சது அதுதான். இப்படி ஒரு நிலைப்பாட்டை எடுக்கறது மன்னிக்கறதைவிடக் கஷ்டம்னு நினைக்கறேன்.

அப்படிப்பட்ட ரெண்டு பேரும் 1964ல திரும்பச் சேர்ந்தாங்க. இந்தத் தடவை வேற வேலை. ரெண்டு பேருக்கும் இது அவங்க சொந்த வீட்டுக் கதை.

ராபின்ஸோட சொந்தப் பேர் ரபினோவிட்ஸ். ஆறு வயசுல, 1924ல, அம்மாவோட போலந்துக்குப் போய் அப்பா பிறந்த கிராமத்தைப் பார்த்துட்டு வந்தவர். ரோஷான்கான்னு பேர். வளர்ந்த பிறகு தன் யூதத்தனத்தை விட்டு ஓடினவர், பேரை மாத்திக்கிட்டவர். அந்தக் கிராமத்து யூதர்களை நாஜிகள் அழிச்சுட்டாங்க. அழிஞ்சுபோனதை மேடையில ஒரு தடவை எழுப்பிப் பார்க்கணும்ங்கற வெறி அவருக்கு வந்தது. நடிகர்களைக் கூட்டிக்கிட்டு ஹசிதிக் யூதர்களோட கல்யாணங்களுக்குப் போனார். ஒரு கல்யாணத்துல ஒரு ஆள் தலைமேல பாட்டிலை வெச்சுக்கிட்டு வேடிக்கையா ஆடினதைப் பார்த்தார். அதுலேர்ந்து பிறந்ததுதான் பாட்டில் நடனம். ஒரு வரிசையா ஆண்கள், தொப்பி மேல பாட்டில், கையைக் கோத்துக்கிட்டு முட்டி போட்டு நகர்வாங்க. பசை கிடையாது, காந்தம் கிடையாது. பாட்டில் விழுந்தா அந்த ஆள் வரிசையை விட்டு விலகிக் கை தட்டணும். பார்க்கறவங்களுக்கு அது வித்தை. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த நாடகத்தோட தலைப்பே அதுதானே. கூரை மேல நின்னுக்கிட்டு கீழே விழாம வயலின் வாசிக்கறது.

தலைப்பு ஷகால் ஓவியங்கள்லேர்ந்து வந்தது. அரங்கத்தை ஷகாலே வரையணும்னு ராபின்ஸ் கேட்டுப் பார்த்தார், அவர் வரலை. போரிஸ் ஆரன்சன் செஞ்சார். கீவ்ல பிறந்தவர். வளைஞ்ச வீடுகள், ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்ச கூரைகள். அந்த வருஷம் டோனி விருதுகள்ல இந்த நாடகத்துக்கு ஒன்பது கிடைச்சது. அரங்க அமைப்புக்கு மட்டும் கிடைக்கலை. அது அநியாயம்னு இன்னைக்கும் சொல்லுவேன்.

ராபின்ஸைப் பத்தின இன்னொரு விஷயம். எழுத்தாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்டாராம்: இந்த நாடகம் எதைப் பத்தினது? அவங்க சொல்வாங்க, ஒரு பால்காரர், அவர் பொண்ணுங்க, கல்யாணம். அது கதை, நான் கேட்கறது அது இல்லைன்னு திருப்பி அனுப்புவார். பல கூட்டம் இப்படியே போச்சு. கடைசியில ஒருத்தர் அலுத்துப்போய், ஒரு வாழ்க்கை முறை கரைஞ்சுபோறதைப் பத்தின்னு சொன்னதும், அப்ப அதையே முதல் பாட்டா எழுதுங்கன்னுட்டார். அதுக்கு முன்னாடி இருந்த தொடக்கம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சப்பாத்துக்கு வீடு பரபரக்கற ஒரு பாட்டு. நல்ல பாட்டுதான். ஆனா அது ஒரு வீட்டைப் பத்தி. 'ட்ரடிஷன்' ஒரு ஊரைப் பத்தி. அப்பாக்கள், அம்மாக்கள், பையன்கள், பொண்ணுங்கன்னு நாலு கூட்டம் தனித்தனியா வந்து, அவங்கவங்க மெட்டைப் பாடி, கடைசியில நாலும் ஒண்ணோட ஒண்ணு பின்னும். முதல் எட்டு நிமிஷத்துக்குள்ள ஒரு ஊரைக் கட்டிக் காட்டிடறாங்க. கட்டினாத்தான் பின்னாடி இடிக்க முடியும்.

மோஸ்டல் பக்கம் வருவோம். புரூக்ளின்ல, பழமைவாத யூதக் குடும்பத்துல பிறந்தவர். யித்திஷ் அவர் வீட்டு மொழி. 1944ல யூதர் இல்லாத ஒரு பொண்ணைக் கல்யாணம் செஞ்சுக்கிட்டார். பேர் கேத்ரின். கத்தோலிக்கப் பின்னணி. அவர் பெற்றோர் அந்தக் கல்யாணத்தைக் கடைசி வரைக்கும் ஏத்துக்கலை.

இப்ப அந்த ஹாவா காட்சிக்கு வாங்க. பொண்ணு வண்டிப் பாதையில நின்னுக்கிட்டு, அப்பா, எங்களை ஏத்துக்கோன்னு கெஞ்சறா. தெவ்யே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யோசிக்கறார். நாடகம் முழுக்க அவர் பண்றது அதுதான். ஒரு கையில இது, இன்னொரு கையில அது. இங்க மட்டும் இன்னொரு கை இல்லை. முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிடறார். அந்த அப்பாவா நின்னவர் யாரு? நிஜ வாழ்க்கையில அந்தப் பொண்ணோட இடத்துல நின்னவர். ஒதுக்கப்பட்ட பிள்ளை, ஒதுக்கற அப்பாவா நடிக்கறார். மோஸ்டல் எதை நினைச்சுக்கிட்டு அதைச் செஞ்சார்னு எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ராத்திரிக்கு ராத்திரி அந்த இடத்துல நின்னார், அது போதும்.

ராபின்ஸ் அந்த இடத்துக்குப் பெரிய பாலே ஒண்ணு அமைச்சிருந்தார். வெள்ளோட்டத்துல பார்த்தப்போ, அது கதையை நிறுத்தி வெச்சுட்டு ஆடற மாதிரி இருந்தது. அவரே வெட்டினார். சில நிமிஷத்துக்குச் சுருக்கிட்டார். உலகத்துலேயே பெரிய நடன அமைப்பாளர்கள்ல ஒருத்தர், தன் சொந்த நடனத்தை வெட்டி எறியறது சாதாரண விஷயம் இல்லை.

ரெண்டு பேருக்கும் நடந்த உரசல்கள்ல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. யூத வீடுகள்ல வாசல் நிலையில மெசூசான்னு ஒரு சின்னப் பேழை பதிச்சிருப்பாங்க, உள்ளே வேத வசனம் எழுதின தோல் சுருள் இருக்கும். உள்ளே போறப்போ அதைத் தொட்டு விரலை முத்தமிடறது வழக்கம். நம்ம வீட்டுல நிலைப்படியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கற பாட்டிகளை நினைச்சுக்கோங்க. ஒத்திகையில மோஸ்டல் அதைச் செஞ்சார். ராபின்ஸ் வேண்டாம்னார். மறுபடியும் செஞ்சார். மறுபடியும் வேண்டாம்னார். மூணாவது தடவை மோஸ்டல் ரொம்பப் பணிவா, மெசூசாவைத் தொடாம, வாசல்ல நின்னு சிலுவை போட்டுக்கிட்டார். அதோட ராபின்ஸ் விட்டுட்டார். மெசூசா முத்தம் நாடகத்துல தங்கிடுச்சு.

இன்னொரு சண்டை, பாட்டு எழுதின ஹார்னிக்கோட. 'இஃப் ஐ வேர் எ ரிச் மேன்' பாட்டு எல்லாருக்கும் தெரியும். பணக்காரனா இருந்தா பெரிய வீடு கட்டுவேன், கோழி, வாத்துன்னு போகும். நடுநடுவுல அர்த்தமே இல்லாத முனகல் சத்தம் வரும், அதெல்லாம் ஹசிதிக் பாட்டு மரபுலேர்ந்து வந்தது. ஆனா கடைசிக்குப் பக்கத்துல பாட்டு திடீர்னு அமைதியாகும். பணம் இருந்தா வேலை இல்லாம, ஜெப ஆலயத்துல உட்கார்ந்து பிரார்த்தனை பண்ணலாம், படிச்சவங்களோட வேதத்தைப் பத்திப் பேசலாம், அதைவிட இனிப்பு வேற ஏதுங்கற மாதிரி வரும். சிரிப்புப் பாட்டு சீரியஸா முடியுதே, இந்த இடத்தை எடுத்துடலாமான்னு ஹார்னிக் யோசிச்சார். மோஸ்டல் ஒரேயடியா மறுத்துட்டார். இந்த வரிகள்தான் இந்த மனுஷன், இதை எடுத்தா உங்களுக்கு அவனைப் புரியலைன்னு அர்த்தம்னார். எடுக்கலை. ஒலித்தட்டுல அந்த இடம் வர்றப்போ மோஸ்டல் குரல் எப்படி இறங்குதுன்னு கேளுங்க. அதுவரைக்கும் கொக்கரிச்சுட்டு இருந்தவர், திடீர்னு தொப்பியைக் கழட்டின மாதிரி ஆயிடுவார்.

மத்தவங்களை விட்டுடக் கூடாது. கோல்டேயா நடிச்சவர் மரியா கர்னிலோவா. பாலே நடனக்காரி, ராபின்ஸோட ஆரம்ப நாள் பாலே குழுத் தோழி. பாடகின்னு சொல்ல முடியாது. அதுதான் அழகு. பாட்டுக்காரக் குரல்ல அந்த அம்மாவைக் கற்பனை பண்ணவே முடியலை எனக்கு. அவருக்கும் டோனி கிடைச்சது. கல்யாணத் தரகர் யெந்தேயா பியாட்ரிஸ் ஆர்தர். பின்னாடி 'மாட்', 'தி கோல்டன் கேர்ள்ஸ்' தொடர்கள்ல அமெரிக்கா முழுக்கத் தெரிஞ்ச முகம். அவர் பகுதியை வெள்ளோட்டத்துல வெட்டிக்கிட்டே வந்தாங்க, அதுல அவருக்கு வருத்தம். இருந்தாலும் மிச்சம் இருந்த சில நிமிஷத்துலேயே, வந்த வேகத்துல ஊர் வம்பைக் கொட்டிட்டுப் போற தரகர் மாமியை நிக்க வெச்சுட்டார்.

மூத்த பொண்ணு ட்சைட்டல், ஜோஅன்னா மெர்லின். அவர் பின்னாடி பிரின்ஸோட நாடகங்களுக்கு நடிகர் தேர்வு செய்யற ஆளா பெரிய பேர் எடுத்தார். ஹோடல், ஜூலியா மிகெனெஸ். ஓபராவுக்குப் போயிட்டார், 1984ல பிரான்செஸ்கோ ரோசி எடுத்த 'கார்மென்' படத்துல கார்மென் அவர்தான். ஹாவா, டான்யா எவரெட். தையல்காரன் மோட்டல், ஆஸ்டின் பெண்டில்டன். நிஜத்துலேயே திக்குவாய் உள்ளவர். பேச வாய் வராத ஒரு பையன் கடைசியில தைரியம் வந்து மாமனார்கிட்ட குரலை உயர்த்தற காட்சி அவருக்கு எழுதின மாதிரியே இருக்கும். ரபியோட மகனா ஒரு சின்ன வேஷத்துல வந்த லெனார்ட் ஃப்ரே, பின்னாடி படத்துல மோட்டலா நடிச்சு ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனார். புத்தகக்காரர் ஆவ்ராமா வந்த பால் லிப்சன், பின்னாடி தெவ்யே வேஷத்தை வேற யாரையும்விட அதிக தடவை போட்டவர்னு பேர் வாங்கினார். 2000 தடவைக்கு மேல. ஆனா தெவ்யேன்னா யார் அவர் பேரைச் சொல்றாங்க? நாடகத் தொழில்ல இப்படி ஒரு ஜாதி உண்டு; ராஜபார்ட்டுக்கு உடம்பு சரியில்லாத ராத்திரியில ஊரைக் காப்பாத்தறவங்க. ஓடிட்டு இருந்தப்போ இடையில ட்சைட்டலா சேர்ந்த ஒரு புதுப்பொண்ணு பேர் பெட் மிட்லர். ஆமா, அவங்களேதான்.

வெள்ளோட்டம் டெட்ராய்ட்ல, 1964 கோடையில. அங்க அப்போ செய்தித்தாள் வேலைநிறுத்தம், அதனால உள்ளூர்ப் பத்திரிகை விமர்சனமே வரலை. 'வெரைட்டி' இதழ் மட்டும் சுமார்னு எழுதினது. அந்த நேரத்துல அது பெரிய அடி. ஆனா டெட்ராய்ட் ஹோட்டல் அறையில உட்கார்ந்து திருத்தித் திருத்தி எழுதினதுலதான் இந்த நாடகத்தோட மிக நல்ல பாட்டு வந்தது. 'டூ யூ லவ் மீ'. பொண்ணுங்க எல்லாம் காதல் காதல்னு பேசறதைப் பார்த்துட்டு தெவ்யே இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தின மனைவிகிட்ட போய், நீ என்னைக் காதலிக்கறியான்னு கேட்கறார். அவள், உனக்குத் துணி துவைச்சேன், சமைச்சேன், பிள்ளை பெத்தேன், இப்ப என்ன கேள்வி இதுங்கறா. கல்யாண நாள்ல முதல் முதலா முகம் பார்த்துக்கிட்ட ஜோடி. எங்க வீட்டுப் பெரியவங்க யாருக்கும் இந்தப் பாட்டை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதே இருக்காது. கேள்வியைக் கேட்டாலே போதும், அதே மாதிரித்தான் முறைப்பாங்க.

ஸ்டைன் சொல்ற ஒரு சம்பவம் இங்க ஞாபகம் வருது. 1967ல டோக்கியோவுல இதைப் போட்டாங்க. ஜப்பானியத் தயாரிப்பாளர் ஸ்டைனைக் கேட்டாராம், இந்த நாடகம் அமெரிக்கர்களுக்குப் புரியுதா? இது ரொம்ப ஜப்பானியத்தனமா இருக்கேன்னு. யூதக் கதை, யார் பார்ப்பாங்கன்னு நியூயார்க் தயாரிப்பாளர்கள் தயங்கின நாடகம் இது!

நியூயார்க்ல வெற்றி. அப்புறம்தான் மோஸ்டலோட இன்னொரு முகம். எழுதினபடி நடிக்கறது அவருக்கு ஆகாது. ராபின்ஸ் கிளம்பிப் போன பிறகு, ராத்திரிக்கு ராத்திரி புதுசா சேர்த்துக்கிட்டே போனார். ஜனங்க சிரிக்கச் சிரிக்க இன்னும் நீட்டுவார். கூட நடிக்கறவங்களுக்கு அது நரகம். எழுத்தாளர்களுக்கு அதைவிட மோசம். 1965 ஆகஸ்ட்ல ஒப்பந்தம் முடிஞ்சதும் அவர் கிளம்பினார். பிரின்ஸும் பிடிச்சு வைக்கலை. லூத்தர் ஆட்லர் வந்தார், அப்புறம் ஹெர்ஷல் பெர்னார்டி, ஹாரி கோஸ், ஓபரா பாடகர் யான் பியர்ஸ்கூட. நாடகம் அசையாம ஏழு வருஷம் ஓடினது. 3242 காட்சிகள்ல மோஸ்டல் இருந்தது ஒரு வருஷத்துக்கும் குறைவு. இதை அவர் எப்படி எடுத்துக்கிட்டிருப்பார்! நான் இல்லாமலும் இது ஓடும்ங்கறது ஒரு நடிகன் கேட்கவே கூடாத செய்தி.

அதைவிடப் பெரிய அடி படம். ஜூவிசன் லண்டன் மேடையில தெவ்யேயா நடிச்ச டோபோலை எடுத்தார். இஸ்ரேல்காரர், லண்டன்ல 1967ல ஆரம்பிச்சப்போ வயசு முப்பத்தொண்ணு. மோஸ்டல் கேமராவுக்கு ரொம்பப் பெரியவர், திரையைக் கிழிச்சுடுவார்னு ஜூவிசனுக்கு எண்ணம். படத்தைப் பார்த்தா அந்த முடிவு தப்புன்னு சொல்ல மனசு வரலை. டோபோல் மண்ணுல நிக்கறார், நெஜமாவே ஒரு பால்காரர். மோஸ்டல் மேடையில நிக்கறவர். ஆனா மோஸ்டலுக்கு அது ஆறலை. கொஞ்ச காலம் கழிச்சு ஜூவிசன் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' எடுத்தப்போ, மோஸ்டலோட மகன் ஜாஷை ஏரோது வேஷத்துக்குக் கூப்பிட்டார். பையன் அப்பாகிட்ட சொன்னான். அவரைப் போய் டோபோலோட பிள்ளையைப் போட்டுக்கச் சொல்லுன்னாராம் அப்பா. ஜாஷ் போய் நடிச்சான்.

ராபின்ஸ் இதுக்கப்புறம் பிராட்வேக்குப் புது மியூசிகல் எதுவும் செய்யலை. பாலேவுக்கே திரும்பிட்டார். 1989ல பழைய நடனங்களைத் தொகுத்து ஒரு நிகழ்ச்சி போட்டார், அவ்வளவுதான். மோஸ்டல் 1976 டிசம்பர்ல திரும்ப தெவ்யேயா பிராட்வேக்கு வந்தார். அதே வருஷம் கறுப்புப் பட்டியலைப் பத்தின 'தி ஃப்ரண்ட்' படத்துலயும் நடிச்சார். வேலை கிடைக்காம அழியற ஒரு நகைச்சுவை நடிகனா. 1977 செப்டம்பர்ல இறந்துட்டார். அறுபத்திரண்டு வயசு. ஸ்டைனும் பாக்கும் 2010ல பத்து நாள் இடைவெளியில போனாங்க. ஹார்னிக் 2023 வரைக்கும் இருந்தார், தொண்ணூத்தொன்பது வயசு. டோபோலும் அதே வருஷம்.

கேட்கணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு ஒரு யோசனை. முதல் குழுவோட ஒலிப்பதிவு இப்போ எல்லா இடத்துலயும் கிடைக்குது, தேடறப்போ 1964ன்னு சேர்த்துத் தேடுங்க, இல்லைன்னா படத்தோட பாட்டுதான் முதல்ல வரும். 'ட்ரடிஷன்'லேர்ந்து வரிசையாவே கேளுங்க. 'டூ யூ லவ் மீ' வர்றப்போ மட்டும் ஹெட்போன் போட்டுக்கோங்க. கர்னிலோவா பதில் சொல்லாம இழுத்தடிச்சுக்கிட்டே இருப்பார், மோஸ்டல் அந்தக் கரடிக் குரலை அடக்கி அடக்கிக் கேட்டுக்கிட்டே இருப்பார். கடைசியில அந்த அம்மா ஒத்துக்கறப்போ அவர் குரல்ல ஒரு சின்ன வெட்கம் வரும். நான் எத்தனையோ தெவ்யே-கோல்டே ஜோடிகளைக் கேட்டுட்டேன். அந்த வெட்கம் வேற யார்கிட்டயும் கிடைக்கலை.

கேட்டுட்டு எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். வணக்கம்.